காணாத செலவு

ஒரு நாட்டின் செல்வத்தை அறிய விழைவோர் அதன் வரவு செலவுத் திட்டத்தைப் புரட்டுவர். அந்நாட்டின் விவேகத்தை அறிய விழைவோர், சுகாதாரத்துக்கு ஒதுக்கிய பணம் எவ்வழியிற் செல்கின்றது என்பதையும் நோக்குதல் வேண்டும்.

இலங்கையின் வரலாறே இதற்குத் தக்க பாடமாகும். 1934, 1935ஆம் ஆண்டுகளில் மலேரியாக் காய்ச்சல் இத்தீவில் ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொள்ளை கொண்டது. அவ்வழிவு நாட்டின் கண்களைத் திறந்தது. கிராமப் புறங்களில் வைத்திய வசதிகள் பெருகின. 1946 முதல் வீடுகளில் டீ.டீ.ரீ. தெளிக்கப்பட்டது. 1951 இல் அரசாங்க வைத்தியசாலைகளிற் கட்டணம் நீங்கியது. 1963 இல் நாடு முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர் மாத்திரமே.

அப்பால் நிகழ்ந்தது யாது? நோயைக் காணாத இடத்துச் செலவு வீணெனத் தோன்றிற்று. மருந்து தெளித்தல் நிறுத்தப்பட்டது, கண்காணிப்பும் தளர்ந்தது. நுளம்போ ஓய்வெடுக்கவில்லை! 1969 இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. டீ.டீ.ரீ.க்கு நுளம்பு பணியாது போகவே, 1970களில் அதனினும் விலை கூடிய மலத்தியனை நாடவேண்டியதாயிற்று. சிக்கனம் எனக் கருதியது பெருஞ்செலவாய் முடிந்தது. மலேரியா அற்ற நாடு என உலக சுகாதார நிறுவனத்தின் சான்று கிடைத்தது 2016 இலேயாம்.

இன்று நோயின் முகம் வேறு. நீரிழிவும் இரத்த அழுத்தமும் இருதய நோயும் முதியோர் பெருகிய நம் இல்லங்களிற் குடிபுகுந்துள்ளன. இவை ஒரு வாரத்திற் றீர்வன அல்ல. ஆயுள் முழுவதும் மருந்து வேண்டுவன. வைத்தியசாலையிற் கட்டணம் இல்லையாயினும், அங்கு கிடையாத மருந்தையும் பரிசோதனையையும் வெளியே விலைக்கு வாங்குகின்றோம். இவ்வாறாக, நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவிற் பாதிக்கு அண்மையான பங்கு மக்களின் மடியிலிருந்தே செல்கின்றது. மருந்துகளிற் பெரும்பகுதி இறக்குமதியாவதால், அந்நியச் செலாவணி வற்றிய 2022 இல் வைத்தியசாலைகளும் மருந்துக்குத் தவித்தன. அரசாங்கம் கொடாத ரூபா மறைந்து விடுவதில்லை. அஃது ஏழையின் அடகுச் சீட்டாக மாறுகின்றது.

புதிய கட்டடம் திறக்கப்படின் யாவரும் காண்பர். வீடு தேடிச் செல்லும் குடும்பநல மாதின் பணியையும், கிணற்று நீரைச் சோதிக்கும் பரிசோதகரின் பணியையும் காண்பார் சிலரே. அவர்தம் வெற்றி, நிகழாத மரணங்களில் அன்றோ அடங்கியுள்ளது? செலவைக் குறைக்கும் காலம் வரும்போது முதலில் வெட்டுண்பதும் இத்தகைய பணியே.

ஆதலின், மாணவர்காள்! அடுத்த வரவு செலவுத் திட்டம் வெளிவரும்போது மொத்தத் தொகையை மட்டும் படித்து அமையாதீர். நோயைத் தீர்க்க எவ்வளவு, வருமுன் காக்க எவ்வளவு எனப் பிரித்துப் பாருங்கள். 1963ஆம் ஆண்டின் பதினேழு நோயாளரை நாம் மறத்தலாகாது.