வெற்றுப் பொட்டலமும் ஒரு விடையே

கணிப்பொறி யுகம் என்று மேடைதோறும் முழங்குகிறோம். ஆனால் நம் ஆய்வகத்துக் கணிப்பொறியில் செருகியிருக்கும் யு.எஸ்.பி. கம்பிக்குள் என்ன பேச்சு நடக்கிறது என்று எண்ணிப் பார்த்தவர் நம்முள் எத்தனை பேர்? 1996 ஜனவரியில் முதல் வரையறை வெளியான இம்முறையை உருவாக்கியவர்களுள் ஒருவர் பரோடாவில் பயின்ற அஜய் பட் என்று பெருமை கொள்கிறோம். அவ்வரையறை ‘ஒன்றுமில்லை’ என்னும் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பளித்திருக்கிறது என்பதைத்தான் படிக்காமல் விட்டுவிடுகிறோம்.

இங்கே கணிப்பொறியே தலைவன். அது கேட்டாலன்றிக் கருவி வாய் திறவாது. கேட்கும்போது கொடுக்க ஏதும் இல்லையெனில் கருவி இருவிதமாக விடை கூறலாம். ‘நாக்’ என்னும் குறி ஒன்று. ‘இப்போது இல்லை, மறுபடி கேள்’ என்பது அதன் பொருள். மற்றொன்று, உள்ளே ஒரு பைட்கூட இல்லாத தகவல் பொட்டலம். இது முறையான விடை. ‘தந்தது அவ்வளவே’ என்று பொருள்படும். ரேஷன் கடையில் ‘சர்க்கரை இன்னும் வரவில்லை’ என்பதும் ‘உங்கள் பங்கு முடிந்தது’ என்பதும் ஒன்றாகுமா?

ஓர் எடுத்துக்காட்டு. முழுவேக இணைப்பில் ஒரு மொத்தப் பொட்டலத்துக்கு 64 பைட் உச்ச அளவு என்று கொள்வோம். கணிப்பொறி 512 பைட் வரை ஏற்கக் காத்திருக்கிறது. கருவியிடம் 100 பைட் இருந்தால் 64, பின்பு 36. இரண்டாவது குறைப் பொட்டலமாதலால் செய்தி முடிந்தது என்று தெரிந்துவிடும். 128 பைட் இருந்தாலோ இரண்டும் நிறைப் பொட்டலங்கள்! முடிவைச் சொல்ல மூன்றாவதாக ஒரு வெற்றுப் பொட்டலம் வேண்டும். அது வராவிட்டால், அறந்தாங்கிக்குக் கடைசி பஸ் போய்விட்டதென்று சொல்வாரின்றி நிலையத்தில் நிற்கும் பயணியைப் போலக் கணிப்பொறி காத்துக் கிடக்கும். அடுத்த செய்தி வந்து முந்தையதோடு ஒட்டிக்கொள்ளவும் கூடும். கணிப்பொறி சரியாக 128 பைட்டே கேட்டிருந்தால் மட்டும் வெற்றுப் பொட்டலம் தேவையில்லை.

இது வீண் செலவன்றோ என்பார் உளர். முன்குறியை நீக்கினால் அடையாளத்துக்கு 8 பிட், சரிபார்ப்புக்கு 16 பிட், அவ்வளவுதான். மற்றப் பொட்டலங்களைப் போலவே இதற்கும் கணிப்பொறி ஒப்புகை தருகிறது. ஒப்புகை வராவிடில் கருவி மீண்டும் அனுப்புகிறது. ஒன்றுமில்லாததற்கு இத்தனை மரியாதை!

நாமோ நிரலில் சுழியம் வந்தால் ‘பிழை’ என்று அச்சிட்டு வெளியேறிவிடுகிறோம். நிரலில் மட்டுமா? செய்முறை ஏட்டில் அளவு கிடைக்காத கட்டத்தை வெறுமையாக விட அஞ்சி, பக்கத்து நண்பரின் எண்ணை நிரப்புவோரும் நம்மிடையே இருக்கின்றனர். விடை வந்தால்தான் மதிப்பெண் என்னும் வழக்கம் இருக்கும்வரை அவர்களை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது என்பதே என் கருத்து.

பேராசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். யு.எஸ்.பி. வழியே தகவல் அனுப்பும் பலகையைத் திட்டப்பணியாகக் கொண்டுவரும் மாணவரிடம் ‘ஓடுகிறதா?’ என்று கேட்டு நிறுத்திவிட வேண்டாம். 63 பைட், 64 பைட், 65 பைட் என மூன்று செய்திகளை அனுப்பிக் காட்டச் சொல்லுங்கள். 64இல் திரை உறைந்து நின்றால், அதன் காரணத்தைச் சரியாகச் சொல்லும் மாணவருக்கும் முழு மதிப்பெண் கொடுங்கள்.