பழைய பெட்டகம், புதுப் பூட்டு

தாத்தா காலத்து இரும்புப் பெட்டகத்தில் சாவி திரும்ப அடம்பிடித்தால், பலர் உடனே தேங்காய் எண்ணெயை ஊற்றுகிறார்கள். நாளடைவில் அது தூசியோடு சேர்ந்து பிசினாகி, உள்ளே அடுக்கியிருக்கும் நெம்புத் தகடுகளை ஒட்டவைத்துவிடும். கிராஃபைட் தூள் போதும்.

அடுத்த அவசரம், பெட்டகத்தையே எடைக்குப் போட்டுவிட்டு மலிவான டிஜிட்டல் பெட்டி வாங்குவது. அவற்றில் பலவற்றின் தாழ்ப்பாளைத் தடுத்து நிற்பது, ஸ்பிரிங் தாங்கிய சிறு சோலனாய்டு (மின்காந்த) முள்தான். மேல்பக்கம் ஓங்கிக் குத்தும்போது கைப்பிடியைத் திருப்பினால் சில பெட்டிகள் திறந்துகொள்ளும்! கனத்த பழைய கதவை விட்டு இதற்கு மாறுவதா முன்னேற்றம்?

பழைய பூட்டையே சரிசெய்யவும் வழி உண்டு. 2019இல் புவிசார் குறியீடு பெற்றது திண்டுக்கல் பூட்டு. அங்கே தகடுகளைக் கையால் அராவிப் பொருத்தும் தொழிலாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். தேய்ந்த தகட்டை மாற்றிப் புதுச் சாவி வெட்டுவதே பல வீடுகளுக்குப் போதுமானது. எண் பூட்டுதான் வேண்டுமென்றால் தரமானதைப் பழைய கதவிலேயே பொருத்தலாம். ஆலை வைத்த ரகசிய எண்ணை அன்றைக்கே மாற்றிவிட வேண்டும்.