தங்கத் துகளும் தலைச் சுழியும்

தங்கம் மஞ்சள் நிறமானது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் அதையே மிக நுண்ணிய துகள்களாக்கி நீரில் கலந்தால், அந்நீர் மாதுளம்பழச் சாறு போலச் சிவந்து காணும். துகள்கள் நெருங்கி வந்தாலோ சிவப்பு மாறி நீலம் ஓடும். இத்துகளின் குறுக்களவு பத்து இருபது நானோமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறிட்டால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர்.

இவற்றை வரிசையாக நிறுத்த முடிந்தால் ஒளியை நம் இஷ்டப்படி ஆட்டி வைக்கலாம். நிறுத்துவது யார்? ஒவ்வொன்றாக எடுத்து வைத்தால் ஆயுள் போதாது. சும்மா விட்டாலோ, ஒட்டிக் கட்டியாகித் தம் விசேஷ குணத்தையும் இழந்துவிடுகின்றன. ஒரு திரவத்தையே இந்த வேலைக்கு அமர்த்தலாம் என்று விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள்.

அதற்குத் திரவப் படிகம் என்று பெயர். நம் வீட்டுத் தொலைக்காட்சித் திரைகளிலும் எண் காட்டும் கைக்கடிகாரங்களிலும் இருப்பது அதுவே. 1888-ஆம் ஆண்டில் பிராக் நகரத்துத் தாவர சாஸ்திரி ரைனிட்ஸர், கொலஸ்டிராலிலிருந்து செய்த ஒரு பொருளை உருக்கினார். 145.5 டிகிரியில் அது பால் போலக் கலங்கலாக உருகிற்று, 178.5 டிகிரியில் சட்டென்று தெளிந்தது. ஒரே பொருள் இரண்டு தடவை உருகுவதாவது! லேமான் என்ற ஜெர்மானியர் ஆராய்ந்து, ஓடவும் செய்கிறது, படிகத்தின் ஒழுங்கும் இருக்கிறது என்று கண்டார்.

அதன் மூலக்கூறுகள் குச்சி போன்றவை. ஓடினாலும் ஏறக்குறைய ஒரே திசையை நோக்கியே நிற்பவை. எண்ணெய் தடவி வாரிய தலையை நினைத்துக்கொள்ளுங்கள். தாய்மார் எவ்வளவு வாரினாலும் குழந்தையின் தலையில் ஒரு சுழி நிற்கத்தான் செய்கிறது. அவ்வாறே, இத்திரவத்தில் அந்நியப் பொருள் ஒன்று புகுந்தால், சுற்றியுள்ள குச்சிகள் வளைந்து வழிவிட, அருகில் ஒரு சுழி விழுகிறது.

1997-ல் பூலன் முதலானோர் இத்தகைய திரவத்தில் நுண்ணிய நீர்த்துளிகளை இட்டுப் பார்த்தார்கள். துளிகள் ஒன்றாய்க் கலந்துவிடாமல் சங்கிலியாகக் கோத்துக்கொண்டன. இரண்டு துளிகளுக்கு நடுவே ஒரு சுழி நின்று, அவை தொடாதபடி காத்தது. ஒழுங்கைக் கெடுப்பதாக எண்ணிய குறையே ஒழுங்கைச் செய்தது! 2006-ல் ஸ்லோவேனியா தேசத்து லியூப்லியானா நகரில் நுண்கோளங்களைக் கட்டம் கட்டமாகப் படிகம் போலவே அடுக்கினார்கள். கோளங்களை அருகே கொண்டுவர லேசர் ஒளியின் உதவியும் இருந்தது. ஆகையால் இங்கே "தானே" என்ற சொல்லைச் சற்று அடக்கியே வாசிக்க வேண்டும்.

ஆனால் அந்தத் துளியும் கோளமும் நம் தங்கத் துகளுக்கு முன் யானைகள். நானோ துகள் தனக்கென ஒரு சுழியை உண்டாக்க வலுவற்றது. உஷ்ணத்தின் ஆட்டமே அதை அலைக்கழித்துவிடும். வேறு வழி இருக்கிறது. திரவத்தில் ஏற்கெனவே சுழிகள் இருந்தால் துகள்கள் அவற்றில் போய்ச் சேருகின்றன. ஒழுங்கு முன்பே குலைந்த இடத்தில் புகுவதற்குச் சக்திச் செலவு குறைவு. (பேனுக்கும் இது தெரியும் போலும்.) 2012-ல் பாரிஸில், அடுக்கடுக்கான ஒரு திரவப் படிகத்தின் கோடுபோன்ற குறைகளில் தங்கத் துகள்கள் ஒற்றை வரிசையில் நின்றன. வரிசைக்கு நேராக அதிரும் ஒளிக்கு ஒரு நிறம், குறுக்கே அதிரும் ஒளிக்கு வேறு நிறம்.

நம் நாட்டின் பங்கையும் இங்கே சொல்லவேண்டும். 1977-ல் பெங்களூர் ராமன் ஆராய்ச்சிக் கழகத்தில் எஸ். சந்திரசேகர், சதாசிவா, சுரேஷ் ஆகியோர், குச்சிகளேயன்றி நாணயம் போன்ற தட்டை மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று கண்டு, "பிரமாணா" என்ற இந்தியப் பத்திரிகையிலேயே வெளியிட்டார்கள். அம்மூலக்கூறுகள் காசு அடுக்கியதுபோல் தூண் தூணாக நிற்கும். 2004-ல் அதே கழகத்தார் அத்தகைய திரவப் படிகத்தில் தங்கத் துகள்களைச் சேர்த்துக் காட்டினார்கள்.

இனித் தொல்லை அளவைப் பற்றியது. துகள்களை அதிகமாக இட்டால் சுழிகள் நிரம்பிவிடுகின்றன; மிஞ்சியவை பழையபடி கட்டியாகின்றன. அதற்காகத் துகள் ஒவ்வொன்றுக்கும், திரவத்தோடு ஒத்துப்போகும் மூலக்கூறுகளால் ஒரு சட்டை போர்த்துகிறார்கள். சட்டை பொருந்தாவிட்டால் திரவம் துகள்களை ஒதுக்கித் தள்ளிவிடுகிறது.