கயிலைக் குளிரும் ஒரு படுக்கைப் பையும்

வாடைக் காற்று வீசும் இரவைப் பாடிய நக்கீரர், நெடுநல்வாடையில் அரசியின் கட்டிலையும் வருணிக்கிறார். அதில் அன்னத்தின் மென்மையான தூவி பரப்பப்பட்டிருக்கிறது. குளிருக்குப் பறவையின் தூவி இதமானது என்பது தமிழ் மண்ணுக்குப் பழைய செய்தி. அந்தத் தூவியே இன்று ‘டவுன்’ என்ற பெயரில், மலைப் பயணிகள் உள்ளே புகுந்து உறங்கும் ‘ஸ்லீப்பிங் பேக்’ என்னும் படுக்கைப் பைக்குள் அடைக்கப்பட்டு வருகிறது.

கயிலாய யாத்திரைக்கு ஆயத்தமான, அறுபது வயதைக் கடந்த ஒரு தம்பதியர் இத்தகைய பை வாங்கக் கடைக்குச் சென்றனர். பையைக் கையில் எடுத்த கணவர் அதன் எடைக் குறைவைக் கண்டு மகிழ்ந்தார். “இதற்குள் என்ன அடைத்திருக்கிறது, தம்பி?” என்று மனைவி கேட்டார். “வாத்துத் தூவி, அம்மா” என்றார் கடைக்காரர். அந்த அம்மையார் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “உயிரைக் கொன்று எடுத்ததைப் போர்த்திக்கொண்டா பரமேசுவரனை வலம் வருவது?” என்ற அவரது கேள்விக்குக் கணவரிடம் உடனே விடையில்லை. யாத்திரை செல்லும் பலருக்கும் எழக்கூடிய கேள்வி இது. பொறுமையாக ஆராயத் தக்கது.

தூவி தானாக வெப்பம் தருவதில்லை. அதன் நுண்ணிழைகளுக்கிடையே காற்றைச் சிறைப்படுத்தி, உடலின் வெப்பம் வெளியேறாமல் தடுக்கிறது. ஓர் அவுன்ஸ், அதாவது சுமார் 28 கிராம் தூவி, எத்தனை கன அங்குலம் உப்பி நிற்கிறது என்பதே பையில் 600, 800 என்று குறிக்கப்படும் எண். எண் உயர்ந்தால், அதே கதகதப்பைக் குறைந்த எடையில் பெறலாம். ஆயினும் தூவிக்கு ஒரு குறை உண்டு. நனைந்தால் கட்டி தட்டிக் காற்றை இழந்துவிடும். செயற்கை இழை அடைத்த பை அதே கதகதப்புக்கு எடையும் பருமனும் கூடியது. ஆனால் ஈரம் பட்டாலும் ஓரளவு வெப்பத்தைக் காக்கும்.

எந்தப் பையாயினும் உடலின் அடியில் நசுங்கும் பகுதி தரைக் குளிரைத் தடுக்காது. ஆகவே கீழே ஒரு பாய் விரிப்பு இன்றியமையாதது.

கயிலைப் பரிக்கிரமா சுமார் 52 கிலோமீட்டர். முதல் இரவு தங்கும் திராபுக் சுமார் 5,000 மீட்டர் உயரத்தில் உள்ளது. மறுநாள் கடக்க வேண்டிய டோல்மா கணவாய் 5,600 மீட்டருக்கும் மேற்பட்டது. யாத்திரைப் பருவத்திலும் அங்கே இரவில் வெப்பநிலை பூஜ்ஜியத்திற்குக் கீழே இறங்கக்கூடும். பையின் மீது ‘கம்ஃபர்ட்’, ‘லிமிட்’, ‘எக்ஸ்ட்ரீம்’ என மூன்று வெப்பநிலைகள் அச்சிடப்பட்டிருக்கலாம். மூன்றாவது எண் உயிர் பிழைப்பதற்கான எல்லையே தவிர, உறங்குவதற்கானது அன்று. முதியோர் முதல் எண்ணை மட்டுமே நம்ப வேண்டும். எதிர்பார்க்கும் குளிரைவிட ஐந்து பாகையாவது கூடுதலாகத் தாங்கும் பையைத் தேர்ந்தெடுப்பது நலம்.

இனி அம்மையாரின் கேள்வி. இத்தூவியின் பெரும்பகுதி இறைச்சிக்காகக் கொல்லப்படும் வாத்துகளிடமிருந்தே கிடைக்கிறது. உயிருடன் பிடுங்கும் கொடுமையும் சில இடங்களில் இருந்துவந்ததால், அதைத் தடுக்கும் தரச்சான்றுகள் ஏற்பட்டுள்ளன. அச்சான்று கொடுமையைக் குறைக்கலாம். கொலையே இல்லை என்று அது சொல்லாது. தன் உடைமைகள் அனைத்தையும் தோளில் சுமந்து நெடுநாள் நடப்பவருக்கு எடை உயிர்ப் பிரச்சினை ஆகலாம். கயிலையிலோ யாத்ரிகர்களின் பெரிய மூட்டைகளைச் சுமக்கப் பெரும்பாலும் குதிரையோ யாக்கோ சுமைதூக்குவோரோ இருப்பார்கள். லிபுலேக் வழியாகச் செல்வோர் மழைக்காலத்தில்தான் மலையேறுகிறார்கள். ஆகவே எடைக்காகத் தூவியை நாட வேண்டிய கட்டாயம் அங்கே குறைவு. ஈரத்துக்கு அஞ்சிச் செயற்கை இழையை நாடுவதில் நியாயம் உண்டு.

இவற்றையெல்லாம் கேட்டறிந்த கணவர், “அரைக் கிலோ கூடினால் என்ன, உன் மனம் லேசாக இருக்கட்டும்” என்று சொல்லிச் செயற்கை இழைப் பைகளையே வாங்கினார். கடையிலேயே படுத்துப் பார்த்தார்கள். இரவில் பலமுறை எழ நேரிடும் வயது என்பதால், விரல் விறைத்த நிலையிலும் ஜிப்பைத் திறக்க முடிகிறதா என்று சோதித்தார்கள். அகலம் சற்றுக் கூடிய பைகளைத் தேர்ந்தார்கள்.

யாத்திரை ஏற்பாட்டாளரே பை தருவதுண்டு. முன்பே கேட்டறிவது நல்லது. அப்போது வீட்டிலிருந்து பருத்தித் துணியில் உறைபோல் தைத்த விரிப்பைக் கொண்டுசென்று அதனுள் படுத்தால் தூய்மையும் காக்கப்படும். நடந்து வியர்த்த உடையை மாற்றி, உலர்ந்த உடையில் படுக்க வேண்டும். தலையை மூடலாம், ஆனால் மூக்கையும் வாயையும் பைக்குள் புதைத்தல் ஆகாது. மூச்சின் ஈரம் உள்ளே தங்கிவிடும். வீடு திரும்பியதும் பையைச் சுருட்டி அடைக்காமல் தளர்வாக வைக்க வேண்டும். நடுக்கம் அடங்காமலோ, பேச்சுத் தடுமாறினாலோ, மூச்சுத் திணறினாலோ போர்வையைத் தேடாமல் மருத்துவரைத் தேட வேண்டும்.

கயிலையை நாடிய அப்பர் பெருமான், நடக்க இயலாதபோது தவழ்ந்தும் புரண்டும் சென்றார், உடல் தேய்ந்தது. இறைவனோ அவரைத் திருவையாற்றுக்கு வரவழைத்து அங்கேயே கயிலைக் காட்சி தந்தான். அடியாரின் உடல் தேய்வதைப் பார்த்து இரங்கியவன் அவன். அவ்வுடலைக் குளிரிலிருந்து காத்துக்கொள்வதும், அதற்காக இன்னோர் உயிரை வருத்தாதிருப்பதும், வலம் வரத் தொடங்கும் முன்பே செய்யும் வழிபாடுகள்தாம்.