‘டிசம்பர் 19 லீவு உண்டா மச்சான்?’: மீம்ஸ்களில் ஏலியன் கப்பலான 3ஐ/அட்லஸ் உண்மையில் என்ன?

“மச்சான், 19ஆம் தேதி ஏலியன் வர்றாங்களாம். இந்த மாசம் ஈஎம்ஐ கட்டவா, வேணாமா?”

2025 இறுதியில் நண்பர்கள் குரூப்களில் சுற்றிவந்த ஜோக் ரகம் இது. லீவு விடுவாங்களா, ஏலியனுக்கு ஆதார் இருக்கா, கப்பல் எந்த டோல்கேட் வழியா வருது என்று ஆளுக்கொரு கமென்ட். ரசிக்கும்படிதான் இருக்கிறது. ஆனால் மூன்றாவது ஃபார்வர்டில் சிரிப்பு ஸ்மைலி உதிர்ந்துவிடுகிறது. ஐந்தாவது ஃபார்வர்டில் அதே வரி ‘நாசா மறைக்கும் ரகசியம்’ என்ற தலைப்போடு குடும்ப குரூப்புக்கு வந்து, “இது உண்மையாப்பா?” என்று பெரியவர்களைக் கேட்க வைக்கிறது.

உண்மை என்ன? 2025 டிசம்பர் 19 அன்று 3ஐ/அட்லஸ் பூமிக்கு மிக அருகில் வந்தது என்பது சரி. அந்த ‘அருகில்’ என்பது சுமார் 27 கோடி கிலோ மீட்டர். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரமே ஏறக்குறைய 15 கோடி கிலோ மீட்டர்தான். அதாவது சூரியனைவிட தூரத்திலேயே நின்று கடந்து போய்விட்டது. மோதல் இல்லை, ஆபத்து இல்லை. ஈஎம்ஐ கட்டித்தான் ஆக வேண்டும்.

எங்கிருந்து வந்தது?

சிலியில் உள்ள அட்லஸ் தொலைநோக்கி 2025 ஜூலை 1 அன்று இதைக் கண்டுபிடித்தது. அப்போதே அதன் வேகம் மணிக்கு சுமார் 2.2 லட்சம் கிலோ மீட்டர். அந்த வேகத்தில் போனால் சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு 12 வினாடி போதும். இவ்வளவு வேகமாகப் போகும் ஒன்றைச் சூரியனின் ஈர்ப்பால் பிடித்து வைக்க முடியாது. எனவே இது நம் சூரியக் குடும்பத்தில் பிறந்ததல்ல. வேறொரு விண்மீனின் வட்டாரத்திலிருந்து வந்த விருந்தாளி.

இப்படி வந்தவர்களில் இது மூன்றாவது. 2017இல் ஔமுவாமுவா, 2019இல் போரிசோவ், இப்போது இது. பெயரில் உள்ள ‘3ஐ’ அதைத்தான் சொல்கிறது. சூரியனின் வயது 460 கோடி ஆண்டுகள் என்றால், இதன் வயது 700 கோடி ஆண்டுகளைத் தாண்டியும் இருக்கலாம் என்று ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் கணித்துள்ளனர்.

புதிர் எங்கே இருக்கிறது?

ஜோக்குகள் வெறும் காற்றிலிருந்து வந்தவை அல்ல. விஞ்ஞானிகளே புருவம் உயர்த்திய விஷயங்கள் இதில் உண்டு. நம்மூர் வால் நட்சத்திரங்களில் பொதுவாகத் தண்ணீர்தான் அதிகம். இதைச் சுற்றியுள்ள வாயுவிலோ, தண்ணீரைவிட கார்பன் டை ஆக்சைடு சுமார் எட்டு மடங்கு இருப்பதை ஆகஸ்ட் மாதம் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பார்த்தது. சிலியில் உள்ள இன்னொரு பெரிய தொலைநோக்கி நிக்கல் ஆவியைக் கண்டது. வழக்கமாக அதோடு சேர்ந்து தெரியும் இரும்பு அப்போது தெரியவில்லை. உடனே ‘அப்ப பாடி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்’ என்று மீம்ஸ் வந்துவிட்டது. குளிரிலேயே எளிதில் ஆவியாகக்கூடிய ஏதோ ஒரு சேர்மத்தில் நிக்கல் இருந்து, அது முதலில் வெளியேறியிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கம்.

இந்த ஏலியன் பேச்சுக்குப் பெரிய பெயர் ஒன்றும் துணை நின்றது. ஹார்வர்டு பேராசிரியர் அவி லோப், இது வேற்றுலகத் தொழில்நுட்பமாக இருக்கக்கூடுமா என்ற கேள்வியை ஜூலையிலேயே எழுப்பினார். இயற்கையான பொருளாக இருக்கவே அதிக வாய்ப்பு என்றும் அவரே எழுதியிருந்தார். வைரலானது முதல் பாதி மட்டும்.

‘சிக்னல் வந்துருச்சு’ என்ற கதை

இந்த மொத்த விவகாரத்தில் தலைகீழாகப் புரிந்துகொள்ளப்பட்ட செய்தி இதுதான். தென்னாப்பிரிக்காவின் மீர்கேட் ரேடியோ தொலைநோக்கி அக்டோபர் இறுதியில் 3ஐ/அட்லஸை நோக்கித் திரும்பியபோது, 1665, 1667 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் ஒன்றைப் பதிவு செய்தது. ‘ஏலியன் கப்பலிலிருந்து ரேடியோ சிக்னல்’ என்று தலைப்புகள் பறந்தன. “ஹலோ சொன்னாங்களா, மிஸ்டு கால் விட்டாங்களா?” என்று கமென்ட்கள் குவிந்தன.

யாரும் எதையும் அனுப்பவில்லை. சூரிய ஒளி பட்டால் தண்ணீர் மூலக்கூறு உடையும். அப்படி உடைந்ததில் கிடைக்கும் ஒரு துண்டுக்கு ஹைட்ராக்சில் என்று பெயர். பின்னணியிலிருந்து வரும் ரேடியோ அலையில் குறிப்பிட்ட அந்த இரண்டு அலைவரிசைகளை மட்டும் ஹைட்ராக்சில் விழுங்கிக்கொள்ளும். மீர்கேட் பார்த்தது அப்படி விழுங்கப்பட்ட பள்ளத்தைத்தான். வெயில் பட்டுப் பனி ஆவியாகிறது, அதாவது இது வால் நட்சத்திரம்தான் என்பதற்கான சாட்சி அது. அதையே கப்பலுக்கு ஆதாரமாக்கிவிட்டார்கள்.

நாசா ஏன் வாய் திறக்கவில்லை?

வதந்தி ஊதிப் பெருத்ததற்கு நேரமும் ஒரு காரணம். அக்டோபர் 3 அன்று இது செவ்வாய்க்கு அருகே சுமார் 3 கோடி கிலோ மீட்டர் தொலைவில் கடந்தது. செவ்வாயைச் சுற்றும் நாசா விண்கலம் அதற்கு முந்தைய நாள் படமும் எடுத்தது. ஆனால் அமெரிக்க அரசு நிதி ஒதுக்கீடு இல்லாமல் அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை முடங்கிக் கிடந்தது. படம் வெளிவரவில்லை. அந்த 43 நாள் மௌனத்தை வாட்ஸ்அப் தன் பாணியில் நிரப்பிக்கொண்டது. நடிகை கிம் கர்தாஷியனே எக்ஸ் தளத்தில் நாசாவிடம் விவரம் கேட்க, அப்போதைய பொறுப்புத் தலைவர் ஷான் டஃபி ஏலியனும் இல்லை, ஆபத்தும் இல்லை என்று பதில் போட வேண்டியதாயிற்று.

நவம்பர் 19 அன்று படங்கள் வந்தன. மங்கலான வெள்ளைப் பந்து. “இதுக்குத்தான் இவ்வளவு பில்டப்பா?” என்று அதற்கும் சிரித்தார்கள். இந்தியாவிலும் அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் மவுண்ட் அபு தொலைநோக்கி நவம்பரில் இதைப் படம்பிடித்தது.

இடையில் இன்னொரு புரளியும் கிளம்பியது: உலக நாடுகள் பாதுகாப்பு ஒத்திகை நடத்துகின்றனவாம். ஒத்திகை நடந்தது உண்மை. நவம்பர் 27 முதல் ஜனவரி 27 வரை பல நாட்டு வானியலாளர்கள் இதன் இடத்தைத் துல்லியமாக அளந்து பழகினார்கள். வால் நட்சத்திரம் புகைமூட்டமாகத் தெரிவதால் அதன் நடுப்புள்ளியைக் குறிப்பது கஷ்டம். பழகுவதற்கு இது நல்ல வாய்ப்பு. அவ்வளவுதான்.

ஜோக் அடிப்பது தப்பா?

தப்பில்லை. விஞ்ஞானிகளே அடித்திருக்கிறார்கள். 1967இல் கேம்பிரிட்ஜில் ஜோசலின் பெல் என்ற ஆய்வு மாணவி, 1.33 வினாடிக்கு ஒருமுறை துல்லியமாகத் துடிக்கும் ரேடியோ துடிப்பைக் கண்டார். ‘குட்டிப் பச்சை மனிதர்கள்’ என்பதன் சுருக்கமாக எல்ஜிஎம்-1 என்று அதற்குப் பாதி விளையாட்டாகப் பெயர் வைத்தார்கள். வானின் வேறொரு மூலையில் அதேபோல் இன்னொன்றையும் பெல் கண்டதும் குழப்பம் விலகியது. இரண்டு வேற்றுலகக் கூட்டம் ஒரே நேரத்தில் நமக்குக் கூப்பிடுமா என்ன! அவைதான் பல்சர்கள். அங்கே ஜோக்கும் சோதனையும் ஒரே மேசையில் இருந்தன.

இன்றைக்கு நிலைமை வேறு. இயற்பியலாளர் பிரையன் காக்ஸ் சொல்லாததையெல்லாம் அவர் முகத்தோடும் குரலோடும் சொல்லும் ஏஐ வீடியோக்கள் 3ஐ/அட்லஸ் பெயரில் வந்தன. அவை போலி என்று அவரே எச்சரிக்க நேர்ந்தது. குரூப்பில் நண்பன் அடிக்கும் கிண்டல் வேறு, வியூஸ் பணத்துக்காகத் தயாரிக்கப்படும் இந்தப் பயம் வேறு. ஆனால் இரண்டும் ஒரே போனில், ஒன்றன் கீழ் ஒன்றாக வந்து விழுகின்றன.

பார்க்க முடியுமா?

வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஓரளவு பெரிய தொலைநோக்கி இருந்தால், 2025 டிசம்பரில் விடிவதற்கு முன் சிம்மம் விண்மீன் கூட்டப் பகுதியில் மங்கலான புள்ளியாகத் தேட முடிந்தது. 2026 மார்ச்சில் வியாழனை ஒட்டிக் கடக்கும் 3ஐ/அட்லஸ், அதன்பின் வந்த வேகத்திலேயே சூரியக் குடும்பத்தைவிட்டு வெளியேறும். திரும்பி வராது.