ப்ளூஸ் கத்துக்கணுமா? ஸ்கேலை மூட்டை கட்டுங்க

எங்க நெய்வேலி டவுன்ஷிப்ல புதுசா கிடார் வாங்குற பசங்க, ப்ளூஸ்னதும் நேரா பென்டடானிக் ஸ்கேலுக்குத்தான் ஓடறாங்க. எனக்கு இதில் உடன்பாடில்லை. மைனர் பென்டடானிக்னா வேற ஒண்ணுமில்லை சாமி, நம்ம சுத்த தன்யாசி! ச, க, ம, ப, நி. நடுவுல பிரதி மத்யமத்தைத் தொட்டா ப்ளூ நோட்டும் ரெடி. (நெய்வேலி சந்தானகோபாலன்னு பாடகர் பேர்லயே ஊரை வச்சிருக்கோம், நம்ம காதுக்கா பஞ்சம்?)

நம்மகிட்ட இல்லாதது ஷஃபிள். 'தகிட தகிட'ன்னு திஸ்ரத்துல எண்ணிக்கிட்டு, 'கி'யை மட்டும் வாசிக்காம விடணும். சொல்றது சுலபம். பத்தே நிமிஷத்துல வலது கை சதுஸ்ர நடைக்குத் தாவிரும். அதனால முதல் மூணு மாசம் ஏ7, டி7, இ7ன்னு மூணு கார்ட்ஸ் மட்டும் போதும். மொத்தம் 12 பார்: ஏ நாலு, டி ரெண்டு, ஏ ரெண்டு, இ ஒண்ணு, டி ஒண்ணு, மறுபடி ஏ ரெண்டு. மெட்ரோனோம் 60ல இருக்கட்டும்.

"பி.பி. கிங்குக்கே கார்ட்ஸ் வராதாமே?"ன்னு ஒருத்தர் மடக்குவார். வராதுன்னு அவரே சொல்லியிருக்கார்தான். ஆனா அவர் பின்னால ஒரு முழு பேண்டே வாசிச்சுது. நமக்குப் பின்னால ஃபேன் மட்டும்தானே ஓடுது :-)