லினக்ஸ்ல ஓடும்னா எல்லாத்துலயும் ஓடுமா அண்ணாச்சி?

"ஓப்பன் சோர்ஸ் ஃபயர்வாலா? அதுல வயர்லெஸ்ஸே வராதுங்க, தூக்கிப் போடுங்க."

இந்த டயலாக்கை ராஜபாளையத்துல கம்ப்யூட்டர் சாமான் விக்கிற கடைகள்ல கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி திருவில்லிபுத்தூர் வந்தா இதே டயலாக் கொஞ்சம் மரியாதையா வரும், அவ்வளவுதான் வித்தியாசம். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாச்சு, இன்னைக்குத் திட்டியே ஆகணும். பதிவு கொஞ்சம் நீளம் மக்களே, காபி எடுத்துட்டு வந்து உக்காருங்க.

விவரம் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. பழைய கம்ப்யூட்டர் ஒண்ணுல ரெண்டு நெட்வொர்க் கார்டு சொருகி, பிஎஃப்சென்ஸோ ஓபிஎன்சென்ஸோ ஏத்தினா அருமையான ஃபயர்வால் ரெடி. காசு கிடையாது. பிஎஃப்சென்ஸ் 2004ல மோனோவால்ங்கிற மென்பொருள்ல இருந்து கிளை பிரிஞ்சது. அதுல இருந்து 2015ல பிரிஞ்சது ஓபிஎன்சென்ஸ். ரெண்டுக்கும் அடியில ஓடுறது ஃப்ரீபிஎஸ்டி. லினக்ஸ் இல்லை. இன்னொரு தடவை சொல்றேன், லினக்ஸ் இல்லை! இது தெரியாமத்தான் பாதிச் சண்டையே.

இப்ப கதைக்கு வர்றேன். திருவில்லிபுத்தூர்ல ஒரு பால்கோவாக் கடை. ஓனர் நமக்குத் தெரிஞ்ச அண்ணாச்சி. பில்லிங் மெஷின், கேமரா பெட்டி, ஆபீஸ் கம்ப்யூட்டர் எல்லாம் ஒரு பிஎஃப்சென்ஸ் பெட்டிக்குப் பின்னால ஒயர்ல ஒழுங்கா ஓடிக்கிட்டு இருந்துச்சு. கடைப் பையன்களோட போனுக்கு வைஃபை வேணும்னு அவர் ராஜபாளையத்துல ஒரு கடையில கேட்டிருக்கார். அங்க எழுநூறு ரூபாய்க்கு ஒரு வயர்லெஸ் கார்டைத் தலையில கட்டிட்டாங்க. "லினக்ஸ்ல சூப்பரா ஓடும் சார்"னு உத்தரவாதம் வேற. சொருகினா ஓடலை. ஓடலைன்னதும் வந்த சர்வீஸ் ஆளு என்ன செஞ்சார் தெரியுமா? கார்டைக் கழட்டலை, ஃபயர்வாலையே கழட்டிட்டார். எல்லாத்தையும் நெட் கம்பெனி கொடுத்த மோடத்துல நேரா மாட்டி, ஒரே ஒரு பாஸ்வேர்டு போட்டு, அதைக் கல்லாவுக்குப் பின்னால சுவத்துல ஒட்டிட்டுப் போயிட்டார்.

அந்த மோடத்துலயும் வெளியில இருந்து வர்றதைத் தடுக்கக் கொஞ்சம் வழி இருக்கு, இல்லைன்னு சொல்லலை. ஆனா உள்ளே? பில்லிங் மெஷின், கேமரா, கோவா வாங்க வந்த டூரிஸ்ட் போன் எல்லாம் ஒரே வலையில. பாஸ்வேர்டைச் சுவத்துல ஒட்டினா அது பூட்டாத வைஃபைதான். 2008 ஜூலைல அகமதாபாத் குண்டுவெடிப்புக்குப் பொறுப்பேற்று வந்த மின்னஞ்சல், நவி மும்பையில சம்பந்தமே இல்லாத ஒருத்தரோட பூட்டாத வைஃபை வழியாத்தான் போச்சு. போலீஸ் முதல்ல வந்து நின்னது அவர் வீட்டு வாசல்ல. அதுக்கப்புறம் 2009ல வைஃபையைப் பத்திரமா வைக்கச் சொல்லி தொலைத்தொடர்புத் துறையே உத்தரவு போட்டுச்சு. ஆண்டாளைச் சேவிக்க வர்ற கூட்டத்துல யார் கையில என்ன போன் இருக்குன்னு அண்ணாச்சிக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?

நான் போய் ஃபயர்வாலைத் திரும்ப மாட்டி, கார்டையும் சோதிச்சேன். பிசிஐகான்ஃப்னு ஒரு கட்டளை இருக்கு. ஓட்டினா மெஷின்ல இருக்கிற ஒவ்வொரு கார்டுக்கும் முன்னால அதோட டிரைவர் பேர் வரும். நம்ம கார்டுக்கு முன்னால வந்தது "நன்". அதாவது, இந்தப் பிள்ளையை யாரும் சொந்தம் கொண்டாடலை, அநாதை! கூடவே தயாரிப்பாளர் எண், சாதன எண் ரெண்டும் வரும். அதை வெச்சு டிரைவர் பட்டியல்ல தேடினா சோலி முடிஞ்சது. ஓடுமா ஓடாதான்னு அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிரும்.

ஒரு காமெடியையும் சொல்லணும். பிஎஃப்சென்ஸ் துவங்குறப்ப "இன்டெல் லைசன்ஸைப் படிச்சு ஒத்துக்கோ"ன்னு சில வரி ஓடும். இன்டெல் கார்டே இல்லாத மெஷின்லயும் ஓடும். சர்வீஸ் ஆளு அதைப் பார்த்துட்டு, "லைசன்ஸ் வாங்காததாலதான் ஓடலை, அதுக்குத் தனியா பணம் கட்டணும்"னு அண்ணாச்சியைப் பயமுறுத்தி வெச்சிருக்கார். அடப்பாவிகளா!

நிற்க. கார்டு ஏன் ஓடலை? ஃப்ரீபிஎஸ்டிக்காரங்க சோம்பேறிகளா? இல்லைங்க. சில்லு செய்யுறவன் அது எப்படி வேலை செய்யுதுங்கிற ஆவணத்தைத் தரமாட்டான். பல கம்பெனிங்க விண்டோஸுக்கு டிரைவர் எழுதி சிடியில போட்டுட்டுக் கை கழுவிடும். பிராட்காம் சில்லுக்கு லினக்ஸ்காரங்க குப்புற விழுந்து படுத்து ரிவர்ஸ் இன்ஜினியரிங் பண்ணித்தான் டிரைவர் எழுதினாங்க. அந்தக் கம்பெனி தானா ஒரு திறந்த டிரைவர் கொடுத்தது 2010லதான். 802.11ஏசி தரம் வெளிவந்தது 2013ல. அது ஃப்ரீபிஎஸ்டிக்கு வந்து சேர்ந்தது 2025 ஜூன்ல, 14.3 பதிப்புல, அதுவும் சில இன்டெல் கார்டுகளுக்கு. பத்து வருஷத்துக்கு மேல இடைவெளி!

"ரேடியோவைத் திறந்துவிட்டா ஆளாளுக்குப் பவரைக் கூட்டுவாங்க, சட்டம் விடாது"ன்னு கம்பெனிக்காரங்க ஒரு சாக்கு சொல்வாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஏதரோஸ் சில்லோட அடிமட்ட நிரலை இதே காரணம் சொல்லித்தான் மூடி வெச்சிருந்தாங்க. 2008ல திறந்துவிட்டாங்க. வானம் இடிஞ்சா விழுந்துச்சு? சாம் லெஃப்லர் போட்ட அந்த அஸ்திவாரத்து மேல ஏட்ரியன் சாட் 11என் வேலையைச் சேர்த்தார். இன்னைக்கும் ஃப்ரீபிஎஸ்டில நம்பி வைஃபை பரப்பணும்னா அந்தப் பழைய ஏதரோஸ் கார்டைத்தான் தேடி அலையுறோம். 2016ல அமெரிக்காவோட எஃப்சிசி, பவர் வரம்பை மீறின விவகாரத்துல டிபி-லிங்க் கிட்ட 2,00,000 டாலர் வசூலிச்சுச்சு. அதே ஒப்பந்தத்துலயே, வெளியார் எழுதுற திறந்த ஃபர்ம்வேர் தன்னோட ரவுட்டர்ல ஓட ஒத்துழைக்கணும்னும் அந்தக் கம்பெனியை ஒத்துக்க வெச்சாங்க. சட்டம் வேற, மூடி வைக்கிறது வேறன்னு சட்டம் போடுறவனே சொல்லிட்டான். அப்புறம் என்ன சாக்கு?

இதைவிட எனக்கு எரிச்சல் மூட்டுறது அட்டைப் பெட்டி. கார்டு பெட்டி மேல 'அதிவேகம்'னு பெருசா போட்டிருப்பான், உள்ளே இருக்கிற சில்லு பேர் எங்கேயும் இருக்காது. ஒரே மாடல், ஒரே படம், ஒரே விலை, உள்ளே ஆள் மாறியிருப்பான். பிரபலமான டிஎல்-டபிள்யூஎன்722என் யுஎஸ்பி கார்டையே எடுத்துக்கங்க. முதல் பதிப்புல ஏதரோஸ் சில்லு, ரெண்டாம் பதிப்புல ரியல்டெக். பேர் மாறலை. கத்திரிக்கா வாங்கினாக்கூட பூச்சி இருக்கான்னு திருப்பிப் பார்த்து வாங்குறோம், இதைத் திருப்பிப் பார்த்தாலும் தெரியாது. ராஜபாளையம் கடைக்காரரை மட்டும் குறை சொல்லி என்ன பிரயோஜனம், அவருக்கே தெரியாது. தெரியாததை "ஓடும் சார்"னு சொன்னாரு பாருங்க, கோபம் அதுக்குத்தான்.

நம்ம கட்சிக்காரங்களையும் விடுறதா இல்லை. ஓடலைன்னு சொன்னா உடனே "டிரைவரை நீயே கம்பைல் பண்ணிக்கோ", "ஒரு விர்ச்சுவல் மெஷின்ல லினக்ஸை ஏத்தி அதுக்குக் கார்டைக் கொடு"ன்னு கிளம்பிடுறீங்க. ஐயா, அது நடக்கும், எனக்கும் தெரியும். ஆனா விடியக் காலையில விறகடுப்பு முன்னால நின்னு கோவா கிண்டுற மனுஷன் கிட்ட கெர்னல் மாட்யூல் பத்திப் பேசினா, அவர் கரண்டியாலயே போடுவார். ஓடாத கார்டை ஓடாதுன்னு சொல்றதுல என்ன கௌரவக் குறைச்சல்? சில கார்டுக்கு டிரைவர் இருக்கும், அடுத்தவன் வைஃபையில போய்ச் சேரும், ஆனா தானா வைஃபை பரப்பாது. லேப்டாப்ல வர்ற இன்டெல் கார்டுங்க இதுக்குப் பேர்போனவை. அதையும் "சப்போர்ட் உண்டு"ன்னு பொத்தாம்பொதுவா எழுதி வெக்கிறீங்க.

காவலுக்கு ராஜபாளையம் நாயை வாங்கிக் கட்டிட்டு, அது பால் கறக்கலைன்னு யாராவது விரட்டுவாங்களா? ஃபயர்வால் வேலை காவல். வைஃபைக்குத் தனி அக்சஸ் பாயின்ட் போடுங்கன்னு பிஎஃப்சென்ஸ் ஆவணத்துலயே சொல்லியிருக்கு. வீட்ல சும்மா கிடக்கிற பழைய ரவுட்டர் போதும். அதுல டிஹெச்சிபியை அணைச்சுட்டு, லேன் ஓட்டையில ஒயரைச் சொருகினா அதுவே அக்சஸ் பாயின்ட்.

அண்ணாச்சி கடையில அதைத்தான் செஞ்சேன். பெட்டியில மூணாவதா ஒரு ஒயர் கார்டு, அதுல பழைய ரவுட்டர், அதுக்குத் தனி ஐபி வரிசை, அங்க இருந்து பில்லிங் பக்கம் போக முடியாதபடி ஒரு தடை விதி. மொத்தம் ஒரு மணி நேரம். பையன்களும் டூரிஸ்டும் அந்தப் பக்கம், கல்லா இந்தப் பக்கம். "இம்புட்டுத்தானா தம்பி? அப்ப அந்த எழுநூறு ரூபா கார்டை என்ன செய்ய?"ன்னார். விண்டோஸ் மெஷின்ல போட்டுக்கங்கன்னு சொன்னேன்.

உங்க கிட்ட ஒரு வேலை ஒப்படைக்கிறேன். உங்க மெஷின்ல இருக்கிற வயர்லெஸ் கார்டோட பெட்டிப் பேர், பதிப்பு எண், பிசிஐகான்ஃப் காட்டுற ரெண்டு எண், ஃப்ரீபிஎஸ்டில வைஃபை பரப்புதா இல்லையா, இதைப் பின்னூட்டத்துல போடுங்க. ஓடாததையும் போடுங்க, ஓடாததை முதல்ல போடுங்க. அச்சடிச்சு ராஜபாளையத்துல நாலு கடைக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.